90ஐத் தாண்டாத ரேடியோ

என் காரின் ரேடியோவுக்கு 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் காது கேட்கும். அதற்கு மேல் அது முழுச் செவிடு. இலங்கையில் பண்பலை 88இல் தொடங்கி 108 வரை போகிறது. எங்கள் நிலையங்களில் பெரும்பாலானவை 90க்கு மேலேதான் குடியிருக்கின்றன. ஆகவே கார் வாங்கிய முதல் நாள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ரேடியோ எனக்கு மிகத் தெளிவான இரைச்சலை ஒலிபரப்பிக்கொண்டு வந்தது.

ரேடியோவைக் குறை சொல்ல முடியாது. 2008இல் ஜப்பானில், ஜப்பானியருக்காகவே செய்த டொயோட்டா அது. அங்கே பண்பலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது 76இலிருந்து 90 வரை மட்டும். 90 முதல் 108 வரையான இடத்தை அவர்களுடைய தொலைக்காட்சியின் முதல் மூன்று சனல்கள் பிடித்துவைத்திருந்தன. 2011 ஜூலையில் நாட்டின் பெரும்பகுதியில் அனலொக் தொலைக்காட்சியை நிறுத்தினார்கள். 2014 முதல் 90இலிருந்து 95 வரையான துண்டும் வானொலிக்குக் கிடைத்தது. என் கார் அதற்கெல்லாம் முன்பே பிறந்து, கப்பலேறி வந்துவிட்டது. ஸ்டியரிங் வலப்பக்கம், ஓடுவது இடப்பக்கம் என்று மற்ற எல்லாப் பொருத்தமும் பார்த்துத்தான் ஜப்பான் கார்களை இறக்குகிறோம். ரேடியோப் பொருத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. மத்திய அலை மட்டும் இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் எண்கள் ஒழுங்காக ஓடும். ஆனால் இந்தக் காலத்தில் மத்திய அலை கேட்பவர் எங்கள் வீட்டில் அம்மா ஒருவர்தான்.

பல ஆண்டுகள் ஒரு குறுக்குவழியில் காலம் தள்ளினேன். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி விற்கிறார்கள். பான்ட் எக்ஸ்பான்டர் என்று கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். ஏரியல் வயருக்கும் ரேடியோவுக்கும் நடுவே அதைச் சொருகினால், வருகிற அலைகள் எல்லாவற்றையும் ஒரே அளவு கீழே இறக்கிக் கொடுக்கும். என்னுடையது 18 இறக்கும். வடமராட்சிக் கரையோரத்தில் கடல் அடங்கிய இரவுகளில் காரைக்கால் பண்பலை வரும், அதன் 100.3 எனக்கு 82.3. மனக்கணக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் கணக்கு ஓரிடத்தில் உதைக்கும். ரேடியோவின் வாய் 14 மெகாஹேர்ட்ஸ் அகலம்; எங்கள் பண்பலை 20 அகலம். 18ஐக் கழித்தால் 94 முதல் 108 வரைதான் உள்ளே விழும். 12ஐக் கழிக்கும் பெட்டியை வாங்கினால் 88 முதல் 102 வரை கிடைக்கும், மேலே உள்ளவை போய்விடும். தலையை மூடினால் கால் தெரிகிற போர்வை. போதாததற்கு, உள்ளூரில் 88க்கும் 90க்கும் இடையில் பலமான நிலையம் ஏதாவது இருந்தால், அது பெட்டியைச் சட்டை செய்யாமல் நேரே ரேடியோவுக்குள் நுழைந்து, இறக்கிக் கொடுத்த நிலையத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, காரை விற்று வேறு வாங்கும் யோசனையும் நின்றுபோனது. 2025இல் இறக்குமதி திரும்பத் தொடங்கியது. விலையைக் கேட்டபின் என் யோசனை திரும்பத் தொடங்கவில்லை. கடந்த மாரியில் அந்தப் பெட்டி ஒரு நுளம்பைப் போல ரீங்காரம் பாட ஆரம்பித்தது. செற்றையே மாற்றிவிடலாம் என்று ஒரு கடையில் கேட்டேன். "மாற்றலாம் அண்ணை, ஆனால் பழைய கார், கவர் கழற்றும்போது ஏதாவது உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்றார் அங்கிருந்த தம்பி. நேர்மையான பேச்சு. உடைவதுதான் என்றால் அதை நானே இலவசமாகச் செய்துகொள்ளலாமே என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முற்றத்து மாமர நிழல். உதவிக்குச் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் மருமகன். அவனுடைய வேலை ரோச் லைற் பிடிப்பதும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுப்பதும். ஆயுதங்கள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 10 மில்லிமீற்றர் சொக்கெட், அதற்கு ஒரு நீட்டுத்தண்டு, நட்சத்திரத் தலை ஸ்குரூ டிரைவர், மல்ரிமீற்றர், பிஸ்கட் தகரம் ஒன்று. கவர் நெம்புவதற்கென்றே பிளாஸ்டிக் நெம்புகோல் செற் விற்கிறார்கள். வாங்கினேன். அது வருவதற்கு முன் தட்டை ஸ்குரூ டிரைவரில் துணி சுற்றி முயற்சி செய்து பார்த்த தடம் டாஷ்போர்டின் இடது மூலையில் இன்னும் இருக்கிறது. துணி சுற்றினாலும் இரும்பு இரும்புதான். டாஷ்போர்ட் பிளாஸ்டிக்கில் ஒருமுறை விழுந்த பள்ளத்தை எதனாலும் எடுக்க முடியாது. ஆகவே இந்த ஒரு செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

முதல் பிழையைக் கவரைத் தொடும் முன்பே செய்தேன். பற்றரியின் மறை முனையைக் கழற்றுவதுதான் முதல் வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். நானும் கழற்றினேன். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தால் கியர் கோல் பார்க்கிங்கில் நிற்கிறது. என் காரில் நடுக் கவரை வெளியே இழுக்க அந்தக் கோல் பின்னால் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கவரின் கீழ் விளிம்பு அதில் போய் முட்டும். தானியங்கிக் கியரில் பிரேக்கை மிதித்தால்தான் கோல் பூட்டுத் திறக்கும். அந்தப் பூட்டைத் திறப்பது மின்சாரம். மின்சாரத்தைத்தான் இப்போது பிடுங்கிவிட்டேனே. நல்லவேளை, கோலின் பக்கத்தில் நகத்தளவு மூடி ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு உள்ளே ஸ்குரூ டிரைவரை அழுத்திக்கொண்டு இழுத்தால் கோல் நகரும். கைப்பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல்லும் வைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஒழுங்கான வரிசை இதுதான்: கைப்பிரேக், கல், சாவியைப் போட்டுப் பிரேக்கை மிதித்துக் கோலைப் பின்னால் எடுப்பது, சாவியைக் கழற்ற முடியாது என்பதால் அது போகும் மட்டும் பின்னால் திருப்பிவிடுவது, அதற்குப் பிறகு பற்றரி.

பற்றரியைக் கழற்றியவுடன் கையை உள்ளே விடக் கூடாது. டொயோட்டாவின் திருத்தக் கையேடுகள் 90 விநாடியாவது காத்திருக்கச் சொல்கின்றன. காற்றுப்பையை வெடிக்கவைக்கும் சுற்றுக்குள் பற்றரி போன பிறகும் சற்று நேரம் மின்னூட்டம் தேங்கி நிற்கும். நாங்கள் ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரம் காத்திருந்தோம். டாஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறப் பிளக்கோ மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அது காற்றுப்பையின் சொத்து. தொடாமல் கும்பிட்டுவிட்டு அப்பால் போய்விட வேண்டும். மல்ரிமீற்றர் முனையை அதில் வைத்துப் பார்ப்பது விளையாட்டல்ல.

பற்றரி கழற்றுவதில் இன்னொரு பொறியும் உண்டு. அது என் காரில் இல்லை, பக்கத்து வீட்டாருடையதில். அவருடைய கார் என்னுடையதைவிடப் புதியது; கொம்பனியே போட்ட வழிகாட்டித் திரையோடு வந்தது. பற்றரி மாற்றிய அன்று அந்தத் திரை ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டு நின்றுவிட்டது. மொழிபெயர்த்துப் பார்த்தால், சரியான வரைபட அட்டையைச் செருகு என்கிறது. அட்டையை ஜப்பானில் யாரோ கழற்றி வைத்துக்கொண்டுவிட்டார்கள். அந்த வகைத் திரைகள் மின்சாரம் போனால் திருட்டுப் பயத்தில் தங்களைத் தாங்களே பூட்டிக்கொள்ளும். அப்படியான செற் உள்ளவர்கள் பற்றரியில் கை வைக்கும் முன் அட்டை இருக்கிறதா, திறப்புக் குறியீடு கிடைக்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அவருடைய திரை இப்போது ஒரு கறுப்புக் கண்ணாடி. தலை வாரிக்கொள்ள உதவுகிறது.

இனிக் கவர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு ஸ்குரூகூடத் தெரியாது. குளிரூட்டியின் காற்று வாய்கள் இரண்டு, நடுவே அவசர விளக்குப் பொத்தான், ரேடியோவைச் சுற்றிய சட்டம் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டு. அதைப் பிடித்து வைத்திருப்பவை பின்பக்கத்துக் கிளிப்புகள். பிளாஸ்டிக் நெம்புகோலைக் கீழ் விளிம்பின் இடுக்கில் நுழைத்து இலேசாகத் திருப்பினால் ஒரு "டக்". அடுத்த கிளிப்புக்கு நகர்ந்து இன்னொரு "டக்". அந்தச் சத்தத்துக்குக் காது பழகிவிட்டால் பயம் போய்விடும். கிளிப் விடுபடும் சத்தம் கட்டையாக, ஒற்றையாக இருக்கும். பிளாஸ்டிக் முறியும் சத்தம் மெல்லியதாக, கூர்மையாக இருக்கும். எனக்கு இரண்டும் கேட்டன. மேல் வலது மூலையில் நான்காவது கிளிப், பதினைந்து வருட யாழ்ப்பாண வெயிலில் வெந்து வறண்ட பிளாஸ்டிக் காது, "டிக்" என்று போனது. மருமகன் என்னைப் பார்த்தான். நான் காரைப் பார்த்தேன். கடைக்காரத் தம்பி என் மனக்கண்ணில் சிரித்தார்.

அதன் பிறகு ஒரு மாற்றம் செய்தேன். காரை அரை மணி நேரம் வெயிலில் விட்டோம். சூடேறிய பிளாஸ்டிக் சற்று வளைந்துகொடுக்கும். மீதிக் கிளிப்புகள் ஒரு முறிவும் இல்லாமல் வந்தன. காலையிலேயே இப்படிச் செய்திருக்கலாம். நிழல் எங்களுக்குச் சுகமாக இருந்ததே தவிர, கவருக்குச் சுகமாக இருக்கவில்லை.

கவர் கழன்றதும் முழுதாக இழுத்துவிடக் கூடாது. அவசர விளக்குப் பொத்தானின் வயர் பின்னால் நீளம் இல்லாமல் தொங்கும். பிளக்கின் நாக்கை அழுத்திக் கழற்றிய பிறகுதான் கவரை மடிக்கு எடுக்கலாம். கியர் கோலின் மேல் ஒரு பழைய துவாயைப் போட்டு வைத்தேன். கீறல் எல்லாம் அங்கேதான் விழும். கவரைத் திருப்பிப் பார்த்தபோது, மூன்று இடங்களில் இருக்க வேண்டிய உலோகக் கிளிப்புகள் இல்லை. அவை டாஷ்போர்டின் துளைகளிலேயே சிக்கி நின்றுவிட்டன. இதைக் கவனிக்காமல் கவரைத் திரும்ப அழுத்தினால் அது ஒருபோதும் சரியாக உட்காராது. நீள்மூக்குக் குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்துக் கவரின் காதுகளில் திரும்ப ஏற்றினேன்.

உள்ளே செம்மண். ஜப்பானில் சில வருடம் ஓடிய கார்தான். ஆனால் டாஷ்போர்டின் வயிற்றில் படிந்திருந்த மண் முழுக்க எங்கள் ஊர் நிறம். பெயின்ற் பிரஷால் கூட்டி எடுத்தோம்.

ரேடியோவைப் பிடித்து வைத்திருப்பவை நான்கு போல்ற்றுகள், எல்லாம் 10 மில்லிமீற்றர் தலை. மூன்றைக் கழற்றிப் பிஸ்கட் தகரத்தில் போட்டேன். நான்காவது சொக்கெட்டிலிருந்து நழுவி, குளிரூட்டிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பின்னால் விழுந்து, எங்கோ தட்டி, இன்னும் கீழே எங்கோ தட்டி, அமைதியானது. கார் திருத்திய ஒவ்வொருவரும் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். சொக்கெட்டுக்குள் சிறு உருண்டை கிரீஸ் வைத்திருந்தால் போல்ற் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இது எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் கோபம்.

மருமகன் ரோச்சை உள்ளே செலுத்தித் தேடினான். "மாமா, ஏதோ மின்னுகிறது." நூலில் கட்டிய காந்தத்தை இறக்கினோம். ஒட்டவில்லை. இடுக்கியால் எடுத்தபோது வந்தது போல்ற் அல்ல, நடுவில் துளையிட்ட பித்தளைக் காசு. ஜப்பானின் ஐந்து யென். அந்தக் காசில் 5 என்ற எண் கிடையாது. மதிப்பைச் சீன எழுத்தில் மட்டுமே பொறித்திருப்பார்கள். எந்த ஊரில், யாருடைய கையிலிருந்து இடுக்கில் நழுவியதோ. பித்தளை என்பதால்தான் காந்தத்துக்குப் பிடிகொடுக்கவில்லை. இரும்பு போல்ற் காந்தத்துக்கு வந்திருக்க வேண்டும், அது வரவில்லை. அரை மணி நேரம் தேடிவிட்டுக் கைவிட்டோம். அதே அளவு போல்ற் ஒன்று பழைய சாமான் பெட்டியில் இருந்தது.

ரேடியோவை முன்னால் இழுத்தால் ஒரு சாண் வெளியே வரும். பின்னால் இரண்டு வெள்ளைப் பிளக்குகள், ஒன்று பத்து முள், மற்றது ஆறு முள், கூடவே ஏரியல். பத்து முள் பிளக்கிலிருந்து தனியாகக் கிளை பிரிந்து இரண்டு வயர்கள் ஸ்டியரிங் பக்கம் ஓடின. அவற்றைப் பின்தொடர்ந்தபோதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெண் எங்கே வசிக்கிறாள் என்று தெரிந்தது.

ஜப்பான் கார் வைத்திருப்பவர்களுக்கு அவளைத் தெரியும். காரை முடுக்கியதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் மிகப் பணிவாக ஏதோ சொல்லும். அது அங்கத்தைய விரைவுச் சாலைகளில் நிற்காமல் கட்டணம் செலுத்தும் கருவி, ஈ.ரி.சி. என்பார்கள். அட்டை செருகப்படவில்லை என்று அது ஒவ்வொரு நாளும் எச்சரிக்கிறது. பருத்தித்துறை வீதியில் செலுத்தக் கட்டணமும் இல்லை, செருக அட்டையும் இல்லை. இருந்தாலும் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. பின் ஆசனத்தில் அம்மா இருந்தால் "ஓம் பிள்ளை" என்று பதில் சொல்வார். அந்தக் கருவி மின்சாரம் எடுத்தது ரேடியோவின் வயரிலிருந்துதான். அதன் கிளைப் பிளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி, கறுப்பு நாடாவால் கட்டி வைத்தேன். கருவியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டேன்.

இந்த வேலையில் ஒருவரை உண்மையில் கவிழ்க்கக்கூடிய இடம் வயர்களின் நிறம்தான். சந்தையில் விற்கும் செற்றுகளில் ஒரு வழக்கம் உண்டு: மஞ்சள் என்றால் எப்போதும் உள்ள மின்சாரம், சிவப்பு என்றால் சாவி திருப்பினால் வரும் மின்சாரம், கறுப்பு என்றால் பூமி, அதாவது மின்சாரம் திரும்பிப்போகும் வயர். இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தவர் டொயோட்டாவின் வயர்களைப் பார்த்தால் அங்கேயும் மஞ்சள் இருக்கும், சிவப்பு இருக்கும், கறுப்பு இருக்கும். மூன்றும் பின் ஸ்பீக்கர்களுடையவை. கறுப்பும் மஞ்சளும் பின் இடது ஸ்பீக்கர். சிவப்பும் வெள்ளையும் பின் வலது. பூமி மண்ணிற வயர். நிரந்தர மின்சாரம் நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது. சாவியோடு வருவது சாம்பல். விளக்குக்கு வருவது பச்சை. முன் இடதுக்கு இளஞ்சிவப்பும் ஊதாவும், முன் வலதுக்கு இளம்பச்சையும் நீலமும். நிறத்துக்கு நிறம் என்று முறுக்கிவிட்டால் செற்றின் மின்சார முனை ஸ்பீக்கரில் போய் நிற்கும். அப்படிச் செய்துவிட்டு "செற் பழுது" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்களாம்.

நான் நிறத்தை நம்பவில்லை, மீற்றரை நம்பினேன். பற்றரியைத் தற்காலிகமாக மாட்டி, மண்ணிற வயரில் கறுப்பு முனையை வைத்து, நீல மஞ்சளில் சிவப்பு முனையை வைத்தால் 12.5 வோல்ற். சாம்பலில் ஒன்றும் இல்லை. சாவியை ஒரு நிலை திருப்பியதும் சாம்பலிலும் 12.4. சாவியை அணைத்ததும் போனது. அவ்வளவுதான் பரீட்சை. இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொரு முறை காரை அணைக்கும்போதும் செற் தன் நினைவை இழக்கும். மனப்பாடம் செய்த நிலையங்கள் எல்லாம் காலையில் போயிருக்கும். பிறகு பற்றரியைத் திரும்பக் கழற்றினேன்.

இன்னொரு பழைய பழக்கத்தையும் இங்கே விட வேண்டும். அந்தக் காலத்துச் செற்றுகளில் ஸ்பீக்கரின் மறை வயரைக் காரின் தகரத்தில் பூமியாக்குவது உண்டு. இப்போதைய செற்றுகள் ஸ்பீக்கரின் இரண்டு வயர்களையும் இரண்டு பக்கத்திலிருந்து தள்ளி இழுக்கின்றன. அதில் ஒன்றைப் பூமியில் தொட்டால் உள்ளிருக்கும் ஒலி பெருக்கும் மின்சில்லு புகைந்துவிடும்.

முறுக்கி நாடா சுற்றும் வேலையே வேண்டாம் என்று டொயோட்டாவின் பத்து முள், ஆறு முள் பிளக்குகளுக்கு நேரே சொருகும் மாற்றுவயர்ச் செற் ஒன்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒருவர் மூலம் எடுப்பித்திருந்தேன். அதன் மறுமுனையைப் புதிய செற்றின் வயர்களோடு மேசையில் வைத்து, நிதானமாக, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு முடித்தேன். காருக்குள் குனிந்துகொண்டு இருட்டில் வயர் முறுக்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

புதிய செற் எது என்று கேட்பார்கள். பெரிய திரையுள்ளது வாங்கவில்லை. ஒலியைக் கூட்டக் குறைக்க உருட்டும் குமிழ் வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை. குழியில் விழுந்து எழும் வீதியில் கண்ணாடித் திரையைத் தொட்டுச் சத்தத்தைக் குறைப்பது என்பது வெறும் கற்பனை. இரட்டை டின் அளவில், புளூரூத்தும் யூ.எஸ்.பி.யும் உள்ள சாதாரண செற்.

அதில் ஓர் அளவுப் பிரச்சினை இருக்கிறது. இரட்டை டின் என்றால் 178 மில்லிமீற்றர் அகலம், 100 உயரம். டொயோட்டாவின் வாய் 200 அகலம். இரு பக்கமும் 11 மில்லிமீற்றர் இடைவெளி. அதை மறைக்க விற்கும் கறுப்புத் துண்டுகள் ஒரு சோடி போதும். 200 அகலத்திலேயே செய்த செற்றுகளும் உண்டு. பழைய ரேடியோவின் இரு பக்கத்து இரும்புத் தாங்கிகளைக் கழற்றிப் புதியதில் பூட்டினேன். பழைய ஸ்குரூக்களையே போட வேண்டும். கைக்கு அகப்பட்ட நீளமான ஸ்குரூவைப் போட்டால் அது செற்றின் தகரத்தைத் தாண்டி உள்ளே போய் எதையாவது குத்தும்.

முழுதாகப் பூட்டும் முன் சொருகி, பற்றரியை மாட்டி, சோதித்தோம். நான்கு ஸ்பீக்கரும் பேசின. புளூரூத் இணைந்தது. பண்பலையில் மட்டும் ஊரின் பலமான இரண்டு நிலையங்கள் தவிர வேறொன்றும் இல்லை. பழைய பெட்டியை எடுத்துவிட்டேனே, இப்போது எல்லாம் வர வேண்டுமே என்று சற்று நேரம் தலையைச் சொறிந்தேன். இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்தன. என் காரில் வெளியே நீட்டும் ஏரியல் கம்பி கிடையாது. பின் கண்ணாடியில் கோடாகப் பதித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டில் விழும் மெல்லிய அலையைப் பெருக்க ஒரு சிறு பூஸ்டர் அங்கேயே இருக்கிறது. அதற்கு 12 வோல்ற் ரேடியோவிலிருந்து போக வேண்டும். புதிய செற்றின் நீல வயர் அதற்குத்தான். நான் அதைத் தேவையில்லாதது என்று மடித்துக் கட்டியிருந்தேன். பிரித்துப் பத்து முள் பிளக்கின் ஏரியல் முள்ளுக்குக் கொடுத்ததும் நிலையங்கள் வரிசையாக வந்து நின்றன.

இரண்டாவது காரணம் செற்றின் அமைப்புக்குள் இருந்தது. வானொலிப் பிரதேசம் அமெரிக்கா என்று வைத்து விற்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் நிலையங்கள் 0.2 இடைவெளியில், புள்ளிக்குப் பின் ஒற்றை எண்ணோடு மட்டும் வரும். இரட்டை எண்ணில் முடியும் நிலையங்களை அது தாவிப் போய்விடும். ஆசியா என்று மாற்றினேன். பல கார்களில் "இந்த நிலையம் சரியாகப் பிடிக்கவில்லை" என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பூட்டுவது கழற்றியதன் தலைகீழ் என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். முழுக்க உண்மையல்ல. கழற்றும்போது எங்கும் இல்லாத ஒரு வயர்ப் பொதி இப்போது செற்றின் முதுகில் இருக்கிறது. மாற்றுவயர்ச் செற்றின் உபயம். அதை அப்படியே பின்னால் வைத்துத் தள்ளினால் செற் ஒரு விரற்கடை வெளியே நிற்கும். தள்ளித் தள்ளிப் பார்ப்பதில் பயனில்லை. பொதியைச் சிறு தட்டை நாடாக்களால் கட்டி, கீழே கையை விட்டு, செற்றின் அடியில் உள்ள வெற்றிடத்துக்கு இறக்கினேன். வயர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடாமலிருக்கப் பஞ்சு நாடா சுற்றினேன். முறிந்த பிளாஸ்டிக் காதை இரண்டு கூறு எப்பொக்சி பசையால் ஒட்டி, பின்னால் ஒரு சிறு தகரத் துண்டு வைத்து, ஓர் இரவு விட்டேன். ஆகவே கவர் பூட்டியது திங்கட்கிழமை மாலை. பூட்டும் முன் அவசர விளக்குப் பிளக்கைச் சொருகி, பொத்தானை அழுத்தி, நான்கு மூலையும் மின்னுகின்றனவா என்று மருமகனைச் சுற்றிவரச் சொன்னேன். கவரைப் போட்ட பிறகு இது ஞாபகம் வந்தால் எல்லாக் கிளிப்பையும் திரும்பத் தொந்தரவு செய்ய வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அம்மாவை யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். காரை முடுக்கினேன். 100.3 என்று திரையில் 100.3ஆகவே தெரிந்தது. பகலில் காரைக்கால் வராது, இரைச்சல்தான். ஆனாலும் கழிக்காமல் பார்க்க நன்றாக இருந்தது. அம்மா சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "அந்தப் பிள்ளை இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லையே" என்றார். விளக்கினேன். "பாவம்" என்றார். யாரை என்று கேட்கவில்லை.

வல்லை வெளியில் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. பாலத்துக்கு முன்னால் வீதி சற்று வலப்பக்கம் வளையும் இடத்தில், டாஷ்போர்டின் அடியில் எங்கிருந்தோ கிணிங் என்று ஒரு சத்தம் உருண்டு போய் மறுபக்கத்தில் தட்டி நின்றது. 10 மில்லிமீற்றர் தலை. திரும்பி வரும்போது அதே வளைவில் இடப்பக்கம் திரும்பியதும் பழைய இடத்துக்கே உருண்டு வந்தது.

கால்மிதிக் கம்பளத்தின் அடியில் இருக்கலாம், கியர்ப் பெட்டி முதுகின் மேல் இருக்கலாம். அடுத்த ஞாயிறு ஆசனத்தைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். மருமகனுக்குப் பெறுபேறு அதற்குள் வராவிட்டால் அவனும் வருவான்.